இருபத்தொரு இடைவெளி

சதாசிவம் அனுப்பிய கோப்பைத் திறந்ததும் பிரதீபாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதை அடித்த புண்ணியவானுக்கு டைப்ரைட்டரும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான் போலிருக்கிறது. பெயருக்கும் ஐசி என்னும் அடையாள அட்டை எண்ணுக்கும் நடுவில் ஓரிடத்தில் நாலு இடைவெளி, ஓரிடத்தில் பதினொன்று, இன்னோரிடத்தில் டேப். வரி முடிந்த பிறகும் ஸ்பேஸ் பாரை விட மனமில்லாமல் நாலு தட்டு. ஒரு லயத்து வரிசைவீடுகள் முடிந்து அடுத்த லயம் தொடங்கும் இடத்தில் மூன்று வெற்று வரி; கை போன போக்கில் சில இடங்களில் ஐந்து, ஆறு.

சிரித்ததற்காக உடனே வெட்கப்பட்டாள் என்று சொல்ல ஆசைதான். படவில்லை. அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

சதாசிவம் அவள் வேலை செய்யும் சரக்கு நிறுவனத்தில் லாரி ஓட்டுகிறவர். அவள் அங்கே சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவள். வெள்ளிக்கிழமைகளில் ஈப்போ வீட்டிலிருந்தே வேலை. சதாசிவத்துக்கு வீடு சுங்காய் பக்கம், ஒன்பதாங்கட்டைத் தோட்டம். தோட்டம் என்பது பழக்கதோஷம். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையையும் வெட்டி நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்றார்கள். மிஞ்சியது ஐந்து லயமும் ஒரு முனியாண்டி கோயிலும் போக இடமில்லாத ஜனங்களும். பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, கொடி பிடித்து, கடைசியில் நிறுவனம் இறங்கி வந்தது: லயத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தெரஸ் வீடு. குடும்பப் பட்டியலை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஏற்றிவிட வேண்டும். அதன்பிறகு அலுவலகம் தொழுகைக்கு மூடிவிடும், மூன்று மணிக்கு வீட்டு எண் குலுக்கல். பட்டியலில் இல்லாத குடும்பத்துக்கு வீடு கிடையாது. மாதக் கடைசியில் லயத்தை இடிக்க இயந்திரம் வருகிறது.

அந்த இணையத்தளம் மாமியார்க்காரி மாதிரி. தேவையில்லாத ஓர் இடைவெளி இருந்தாலும் பட்டியலை மூஞ்சியில் திருப்பி எறியும். மொத்தம் மூன்று தடவைதான் ஏற்றலாம், அதோடு கதவு சாத்திக்கொள்ளும் என்று விதிமுறையில் எழுதியிருந்தது. அதைப் படித்த பயத்தில்தான் சதாசிவம் வியாழக்கிழமை மாலை லாரியை நிறுத்திவிட்டு அவளைத் தேடி வந்திருந்தார்.

"மேடம், நீங்க ஒருத்தர்தான் நமக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர் ஆளு. இத கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்க லா."

"எத்தனை குடும்பம் அண்ணே?"

"அறுபத்து மூணு. சுரேன்னு ஒருத்தன் மட்டும் கிள்ளானுக்குப் போறேன், வீடு வேணாம்னு சொல்லிக்கிட்டு திரியிறான். அவன் போயிட்டா அறுபத்திரண்டு."

"பயப்படாதீங்க. எனக்கும் தோட்டமெல்லாம் தெரியும். எங்க தாத்தா ஐயாத்துரை ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்துல கிராணியா இருந்தவர்" என்றாள் பிரதீபா. கிராணி என்றால் தோட்ட அலுவலகத்தில் பெயர்ப்பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய பேர் பார்த்த வேலை. கிராணி பங்களா வராந்தாவிலிருந்து பார்த்த தோட்டத்தைத்தான் அவள் குடும்பம் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சதாசிவம் நல்ல மனுஷன், தலையை மட்டும் ஆட்டினார்.

சுத்தம் செய்வதில் பிரதீபாவுக்குத் தனி ருசி. யூனிக்ஸின் கறுப்புத் திரையைத் திறந்துவிட்டால் அவளுக்குப் பசி தெரியாது. பெரிய மென்பொருள் எதுவும் அவளுக்குப் பிடிக்காது. ஒரே ஒரு வேலை தெரிந்த சின்னச் சின்ன நிரல்களாக எழுதி, ஒன்றிலிருந்து வருவது அடுத்ததில் போய் விழும்படி வரிசையாகக் கோத்துவிடுவாள். தேத்தண்ணி வடிகட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிடித்தது போலத்தான். மேலே ஊற்றினால் கீழே சுத்தமாக வரும். அந்த வெள்ளிக்கிழமை காலை ஐந்து வடிகட்டி எழுதினாள், எதுவும் இரண்டு வரிக்கு மேல் இல்லை. டேப்பை இடைவெளியாக்குவது ஒன்று. வரியின் வாலில் தொங்கும் வெற்றிடத்தை நறுக்குவது ஒன்று. அதற்கு வாலறுப்பான் என்று பெயர் வைத்துத் தானே ரசித்துக்கொண்டாள். பல இடைவெளிகளை ஒன்றாக நெருக்குவது ஒன்று. வெற்று வரிகளைத் தூக்கி எறிவது ஒன்று. கடைசி வடிகட்டிக்குக் குடும்பம் பிரித்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி ஆக்கும் வேலை: ஓரத்தை ஒட்டித் தொடங்கும் வரி குடும்பத் தலைவர், அதன்கீழே உள்தள்ளித் தொடங்கும் வரிகள் அவருடைய மனைவி மக்கள்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டியல் பளபளவென்று வந்து நின்றது. எண்ணிப் பார்த்தாள். அறுபத்திரண்டு.

சுரேன் கிள்ளானுக்குப் போய்விட்டான் போல என்று நினைத்துக்கொண்டாள். சுரேன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேட ஒரு சொல் அடித்தால் போதும், மூன்று விநாடி வேலை. தேடவில்லை. தன் நிரலில் பிழை இருக்கும் என்று நினைப்பதைவிட முன்பின் தெரியாத ஒருவன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. ஒன்பது பத்துக்கு ஏற்றினாள். இணையத்தளம் முதல் தடவையே வாங்கிக்கொண்டது.

பத்து முப்பத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது.

"மேடம், பெரிய சூசா ஆயிருச்சு" என்றார் சதாசிவம். பின்னால் ஒரே கூச்சல். "கம்பெனிலேருந்து ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் எஸ்எம்எஸ் வந்துச்சு. எல்லாரும் கோயில் மண்டபத்துல இருக்கோம். செல்லாயிக்கு மட்டும் வரல."

"செல்லாயி யாரு?"

"நாலாவது லயம். புருசன் இராமசாமி செத்து பதினோரு மாசமாச்சு. ரெண்டு புள்ளைங்க. அதுக்கு வரலங்கறது ஒரு பக்கம். பக்கத்து வீட்டுப் பழனியப்பனுக்கு வந்த எஸ்எம்எஸ்ல அவன் குடும்பம் எட்டுப் பேருன்னு வந்திருக்கு. அவன் குடும்பம் அஞ்சு பேருதான் மேடம். பாக்கி மூணு பேரு செல்லாயியும் அது புள்ளைங்களும்!"

பிரதீபா தன் பட்டியலில் பழனியப்பனைத் தேடினாள். எட்டுப் பேர்தான்.

"பழனியப்பன் பொண்டாட்டி விமலா அத சத்தம் போட்டுப் படிச்சிருச்சு. ரெண்டு வீட்டுக்கும் நாலு வருசமா பேச்சுவார்த்தை இல்ல, லோங்காங் சாக்கடைத் தண்ணிச் சண்டை. மண்டபமே சிரிச்சிருச்சு. ஒருத்தன் விசில் அடிச்சான். செல்லாயி எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருச்சு."

அதற்குள் யாரோ தொலைபேசியைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. "கிராணி பேத்தியா பேசறது?" என்றது ஒரு கரகரத்த குரல். "நான் பழனியப்பன். அந்தக் காலத்துல உங்க ஆளுங்க செக்ரோல்ல பேர வெட்டுவாங்க, எங்க அப்பன் ஒரு நாள் சம்பளம் இல்லாம வீட்டுக்கு வருவாரு. இப்ப நீ அடுத்தவன் பொண்டாட்டிய என் வீட்டுல சேத்து வுட்டிருக்க. நல்லாருக்குலா உங்க படிப்பு!"

"அண்ணே, இது தவறுதலா..."

"பன்னெண்டு மணிக்குள்ள மாத்து. இல்ல, நாளைக்கு நான் ஈப்போவுக்கே வருவேன்."

சதாசிவம் எப்படியோ தொலைபேசியைத் திரும்ப வாங்கினார். லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் பழைய கோப்பைத் திறந்தாள். நல்ல வேளை, அசலைத் தொடாமல் வைத்திருந்தாள். செல்லாயி பெயரைத் தேடினாள். இருந்தது, இரண்டு பிள்ளைகளோடு, உள்தள்ளி. மேலே பார்த்தால் வெற்று வரி. அதற்கு மேலே பழனியப்பன் குடும்பத்தின் கடைசிப் பெயர். சுரேனும் இருந்தான், ஐந்தாம் லயத்தில், கிள்ளானுக்குப் போகாமல் குத்துக்கல்லாட்டம்.

ஆக, வெற்று வரியை எறிந்ததும் செல்லாயிக்கு மேலே தலைவர் என்று யாரும் இல்லாமல் போய், அவள் பட்டியலில் மேலே இருந்த குடும்பத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டாள். ஆனால் பட்டியலில் நாற்பது வெற்று வரி இருக்கும்போது, இந்த ஒன்றில் மட்டும் எப்படி ஒரு குடும்பத் தலைவர் காணாமல் போவார்?

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்கும் கட்டளை ஒன்று யூனிக்ஸில் உண்டு. வரி எங்கே முடிகிறதோ அங்கே ஒரு டாலர் குறி போடும், டேப் இருந்தால் அதற்கும் ஓர் அடையாளம் போடும். அதை அடித்தாள். மற்ற வெற்று வரிகளிலெல்லாம் டாலர் குறி ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே எதுவுமே இல்லை. இந்த வரியில் மட்டும் அது திரையின் நடுவில் போய் நின்றது. அவள் விரல் வைத்து எண்ணினாள். இருபத்தொரு இடைவெளி. பிறகு ஒரு டேப். பிறகு பன்னிரண்டு இடைவெளி.

ஐசி எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம்.

"சதாசிவண்ணே, இராமசாமிக்கு அப்பா பேரு என்ன?"

"கருப்பன்."

இராமசாமி, அவருடைய தகப்பன் கருப்பன், இரண்டுக்கும் நடுவில் 'இன்னார் மகன்' என்று ஐசியில் வரும் அந்த மலாய்ச் சுருக்கம். ஆங்கில எழுத்தில் எழுதி எண்ணினாள். எழுத்தும் இடைவெளியும் சேர்த்துச் சரியாக இருபத்தொன்று. ஒரு மனிதனின் பெயரை யாரோ எழுத்து எழுத்தாக எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரு வெற்றிடம் வைத்திருந்தார்கள். அவளுடைய வாலறுப்பான் அதை வால் என்று நினைத்து நறுக்கியிருந்தது. மணி பத்து ஐம்பது.

"இத யாரு டைப் பண்ணினது?"

"பிச்சமுத்து. இங்கதான் இருக்காரு, குடுக்கறேன்."

பிச்சைமுத்து தோட்ட அலுவலகத்தில் முப்பது வருஷம் பியூனாக இருந்தவர். பேச்சில் கோபம் தவிர வேறு எதுவும் இல்லை. "நான் சதாகிட்ட சொன்னேன், செல்லாயி வீட்ட பாத்துக்கன்னு. இவன் உங்ககிட்ட சொன்னானா?"

"சொல்லலியே ஐயா."

"சொல்ல மாட்டான். வாய் கிழிய மீட்டிங்ல பேசுவான்." பக்கத்தில் சதாசிவம் ஏதோ முனகுவது கேட்டது. "இந்தத் தோட்டத்துல ஒரு பழக்கம் இருக்கு. காலையில பெரட்டு வரிசையில நிக்க வச்சுப் பேரு கூப்புடுவாங்க. ஆளு செத்திருந்தா, அவன் பேரு வர எடத்துல ஒரு மூச்சு சும்மா நிப்பாங்க, அப்புறம்தான் அடுத்த பேரு. வருசத் தெவசம் முடியிற வரைக்கும் அந்த எடத்துல வேற பேரு ஏத்த மாட்டாங்க. வெள்ளக்கார தொர காலத்துலேருந்து அப்படித்தான். இராமசாமி செத்தப்ப செல்லாயி வந்து கேட்டுச்சு. அண்ணே, பேரு எடுக்கணும்னா எடுத்துக்குங்க, ஆனா எடத்த அப்படியே வைங்கன்னு. வச்சேன்."

"அத வெத்து வரின்னு நெனச்சு எடுத்துட்டேன் ஐயா."

"வெத்துதான். ஆனா சும்மா இல்ல" என்றார் பிச்சைமுத்து. பிறகு, "சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த வரியில் செல்லாயியைக் குடும்பத் தலைவியாக ஏற்ற வேண்டும். இறந்தவர் ஐசியை இணையத்தளம் வாங்காது, தலைவர் இல்லாத குடும்பத்தையும் வாங்காது. பிரதீபா அதைச் சொன்னாள்.

"நீங்களே அதுகிட்ட பேசுங்க" என்றார் பிச்சைமுத்து. "நான் பேச மாட்டேன்."

சதாசிவம் தொலைபேசியோடு நாலாவது லயத்துக்கு நடந்தார். சரளைக்கல் மிதிபடும் சத்தம், நாய் குரைப்பு, தகரக் கதவைத் தட்டும் சத்தம், திரும்பத் தட்டும் சத்தம். பிரதீபாவின் கண் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை விட்டு நகரவில்லை. பதினொன்று எட்டு. பதினொன்று பன்னிரண்டு.

"கதவு தொறக்க மாட்டேங்குது மேடம்."

"ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணே. அக்கா! என் பேரு பிரதீபா. பட்டியல் பண்ணினது நான்தான். தப்பு என் தப்பு. சதாசிவண்ணன் மேலயும் பிச்சைமுத்து ஐயா மேலயும் தப்பில்ல. கதவத் தொறக்க வேணாம், நான் சொல்றத மட்டும் கேளுங்க."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நல்லபடியாகச் சொல்லத் தெரியவில்லை, மூச்சு முட்டச் சொன்னாள். பன்னிரண்டு மணி, குலுக்கல், வீடு, அந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தே ஆகவேண்டும் என்பது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் எதிர்பார்த்த அழுகைக் குரல் இல்லை.

"அவரு எடத்துல என் பேர போடக் கூடாது."

"அக்கா, வீடு போயிடும்."

"தெரியுது. எனக்கும் படிக்கத் தெரியும்." தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. "எட்டு மாசம் அவருக்கு டயாலிசிஸ் பாத்தேன், ஸ்லிம் ரீவர் ஆஸ்பத்திரில. மெஷின்ல படுத்துக்கிட்டு ஒவ்வொரு நாளும் ஒண்ணுதான் சொல்வாரு. என் பேரு லிஸ்ட்ல இருக்குல்ல, அது இருந்தா ஒனக்கு வீடு வரும்னு. பதினோரு வருசம் கொடி புடிச்சவரு அவரு. வீடு அவருக்கு வந்தது. தெவசம்கூட முடியல, அதுக்குள்ள அவரத் தள்ளிட்டு நான் போய் ஒக்காரணுமா? இன்னைக்குக் காலையில ஊரு சிரிச்சது போதும்."

சதாசிவம்தான் நடுவில் பேசினார். "தங்கச்சி, புள்ளைங்கள நெனச்சுப் பாரு. ஷர்மினிக்குப் படிப்பு இருக்கு. லயத்த இடிச்சா எங்க போவ?"

"அண்ணே, நீங்க பேசாதீங்க. நீங்களும்தான் சிரிச்சீங்க. பாத்தேன்."

சிரித்திருப்பார். அந்த நேரத்தில் அங்கே இருந்திருந்தால் யார்தான் சிரிக்காமல் இருந்திருப்பார்கள்?

பதினொன்று இருபத்தெட்டு. பதினொன்று முப்பத்தொன்று. அவசரப்படுத்தினால் கதவு மறுபடி மூடிக்கொள்ளும் என்ற பயத்தில் பிரதீபா நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இந்த லிஸ்ட்ல கடைசி ஆளு யாரு?" என்று கேட்டாள் செல்லாயி.

"அஞ்சாவது லயத்துல சுரேன்."

"அவனுக்குக் கீழ புதுசா என் பேர போடு. புள்ளைங்க பேரையும் அங்க எடுத்துக்க. நான் கடைசி ஆளா இருந்துட்டுப் போறேன், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவரு எடம் அப்படியே இருக்கணும். வெத்தா இருக்கட்டும். முடியுமா?"

"முடியும் அக்கா."

"வார்த்தையா சொல்லு."

"இருக்கும் அக்கா. வார்த்தை."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்திலேயே அது மிகச் சின்ன வேலையாகத் தெரிந்தது. வெற்று வரிகளை எறியும் வடிகட்டியில் ஒரே ஒரு விதிவிலக்கு எழுத வேண்டும்: வரியில் இடைவெளிகள் இருந்தால் அதைத் தொடாதே. வாலறுப்பானுக்கும் அதேபோல ஒரு கடிவாளம். தொலைபேசியை வைத்துவிட்டு எழுதினாள். அவசரத்தில் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போய்த் திரை முழுக்கப் பிழை கொட்டியது, திருத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். பழனியப்பன் குடும்பம் ஐந்து பேர். அவருக்குக் கீழே, நாற்பத்தைந்தாம் வரியில், இராமசாமியின் வெற்றிடம். கடைசியில் செல்லாயி, இரண்டு பிள்ளைகளோடு. குடும்பம் அறுபத்து மூன்று. இந்தத் தடவை சுரேனைத் தேடினாள், எல்லாரையும் தேடினாள், ஒவ்வொரு குடும்பமாகப் பழைய கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அதற்குப் பத்து நிமிஷம் போனது.

பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு இரண்டாம் தடவை ஏற்றினாள்.

சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கதவைத் தட்டுகிறார்களோ என்னவோ. பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குச் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. நாற்பத்தைந்தாம் வரி காலி, பட்டியல் நிராகரிக்கப்பட்டது, மீதமிருக்கும் வாய்ப்பு ஒன்று என்று மலாயில் எழுதியிருந்தது.

அவள் சதாசிவத்துக்கு அடித்தாள். லைன் பிசி. மறுபடி அடித்தாள். பிசி. ஊரே அவருக்குத்தான் அடித்துக்கொண்டிருக்கும். பிச்சைமுத்துவின் எண்ணோ செல்லாயியின் எண்ணோ அவளிடம் இல்லை. வாட்ஸ்அப்பில் செய்தி போட்டாள், ஒற்றைக் குறியோடு நின்றது.

வரியில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கலாமா? பெயர் இல்லை என்று அடித்துவிடும். ஒரு கோடு? அதற்கும் அதே கதிதான். எதையாவது வைத்துப் பார்த்து அது தப்பாகிவிட்டால், காலையில் ஏற்றிய பட்டியலே நிலைத்துவிடும். செல்லாயி பழனியப்பன் வீட்டு ஆளாகக் காலத்துக்கும் நிறுவனக் காகிதத்தில் இருப்பாள், வீடும் இருக்காது. பதினொன்று ஐம்பத்தைந்து. கொடுத்த வார்த்தை ஒரு பக்கம், மூன்று பேருக்கு ஒரு கூரை ஒரு பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியும் கை போகவில்லை.

காலையில் அந்த வரியை எறிந்தது ஒரு நிரல். அதற்கு இராமசாமியைத் தெரியாது. இப்போது அவளுக்குத் தெரியும். ஸ்லிம் ரீவரில் மெஷினில் படுத்துக்கொண்டு அவர் என்ன சொன்னார் என்பதுவரை தெரியும். வடிகட்டியை மறுபடி ஓடவிட்டால் அதுவே எடுத்துப்போட்டுவிடும், அவள் பார்க்கக்கூட வேண்டாம். பிரதீபாவுக்கு அது பிடிக்கவில்லை. கோப்பை எடிட்டரில் திறந்தாள். நாற்பத்தைந்தாம் வரிக்கு இறங்கினாள். ஒரு மூச்சு சும்மா இருந்தாள். பிறகு ஒரு வரியை எடுத்துவிடும் அந்த எழுத்தை இரண்டு முறை தட்டினாள். கீழிருந்த குடும்பம் மேலே ஏறி வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு மூன்றாம் தடவை ஏற்றினாள். சக்கரம் சுற்றியது. அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பச்சைப் பெட்டி வந்தது. அறுபத்து மூன்று குடும்பம், ஏற்கப்பட்டது.

பன்னிரண்டு ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. சதாசிவத்தின் எண்தான், ஆனால் பேசியது செல்லாயி.

"எஸ்எம்எஸ் வந்துருச்சும்மா. மூணு பேருன்னு போட்டிருக்கு."

"சந்தோசம் அக்கா."

"அவரு எடம் இருக்குல்ல?"

இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்தப் பட்டியலை இனி யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? பார்த்தாலும், இல்லாத வெற்று வரியை இல்லை என்று எவர் கண்டுபிடிப்பார்?

"இல்ல அக்கா. அந்தக் கம்ப்யூட்டர் ஒத்துக்கல. ரெண்டாவது தடவ திருப்பி அனுப்பிடுச்சு. உங்களக் கேக்கலாம்னு அடிச்சேன், லைன் கெடைக்கல. எடுத்துட்டேன். மெஷின் எடுக்கல, நான்தான் என் கையால எடுத்தேன்."

தூரத்தில் மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லாயி வைத்துவிட்டாளோ என்று பிரதீபா திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"பதினாறாம் நாளு என் நாத்தனா வந்து தாலிய எடுத்தா" என்றாள் செல்லாயி. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "எடுக்கறதுக்கு முன்னாடி என் காதுகிட்ட வந்து, அண்ணி மன்னிச்சிருங்க, எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு எடுத்தா. நீ எடுத்துட்டுச் சொல்ற."

"மன்னிச்சிருங்க அக்கா."

"வார்த்த குடுத்தியே."

"ஓம். குடுத்தேன்." பதறினால் அவளுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

மைக்கில் ஒருவர் முதலாவது லயத்துக்காரர்களை வரிசையில் நிற்கச் சொன்னார். செல்லாயி தொலைபேசியை வாயிலிருந்து நகர்த்தி மகளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அடுத்த மாசம் ஒன்பதாந் தேதி தெவசம். நீ வரணும்."

"வாரேன் அக்கா."

"சும்மா வந்து சாப்ட்டுட்டுப் போறதுக்கு இல்ல. அவருக்குப் படையல் எலை நீதான் போடணும். எடுத்தவ கையாலதான் போடணும். காலையிலயே வந்துரு, லேட்டா வராத."

செல்லாயி தொலைபேசியை வைத்துவிட்டாள். பிரதீபா வெறும் தொலைபேசியைக் காதில் பிடித்தபடியே இன்னொரு தடவை வருகிறேன் என்று சொன்னாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.